பரிசீலிக்கச் சொன்னது நீதிமன்றம். பரிசீலித்து ஒரு கடிதமும் வந்துவிட்டது. இது அவமதிப்பு ஆகுமா?

வரப்போரம் எழுதியது:

வணக்கம். வழக்கறிஞர்கள், மாசு கட்டுப்பாட்டு வேலை தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். நீளமாகத்தான் எழுதுவேன். முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் நின்றவனுக்குச் சுருக்கமாகப் பேச வராது.

ஓய்வு பெற்றபின் அப்பாவின் நிலத்துக்கு வந்துவிட்டோம். மூன்றேகால் ஏக்கர், ஒரு கிணறு, நாற்பத்திரண்டு தென்னை. ஓடையின் மேல்புறம் ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. ஊர்ப் பெயரும் பட்டறைப் பெயரும் இங்கே வேண்டாம், வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. மாற்றத்தை முதலில் கண்டுபிடித்தது என் மனைவி. கிணற்றடியில் அலசிப் போட்ட வெள்ளை வேட்டி காய்ந்ததும், மடிப்பு விளிம்புகளில் மட்டும் ஊதா ஓடியிருந்தது. அலசும்போது தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. காய்ந்தபிறகுதான் தெரிந்தது.

அன்று முதல் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, தேதி எழுதிய பிளாஸ்திரி ஒட்டி, ஜன்னல் திண்டில் வரிசையாக வைத்து வருகிறேன். இப்போது நாற்பத்தேழு பாட்டில்கள் ஆகிவிட்டன. ஆரம்பத்தில் பிடித்தவை தெளிவாக இருக்கின்றன. பன்னிரண்டாவதில் இருந்து அடியில் கருநீலமாக ஒரு படிவு. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ மருந்துக்கடை வைத்திருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

மாவட்ட மாசு கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் ஐந்து மனுக்கள் அனுப்பினேன். ஒப்புகை அட்டைகள் பத்திரமாக இருக்கின்றன. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் மூன்று முறை மனு கொடுத்தேன். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை எழுந்து பேசினேன். நான்கு மாதம் கழித்து ஒரு இளம் பொறியாளர் வந்தார். நேரம் பகல் பன்னிரண்டு மணி. ஓடை காய்ந்து கிடந்தது. "இப்போது ஒன்றும் வரவில்லையே ஐயா" என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு வந்து பாருங்கள் தம்பி என்றேன். சிரித்தார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு ஜீப்பும் இல்லை, பஸ்ஸில்தான் வந்திருந்தார்.

பிறகு உயர் நீதிமன்றம் போனேன். முதல் விசாரணையிலேயே உத்தரவு வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம். "வழக்கின் தகுதி குறித்துக் கருத்து எதுவும் கூறாமல்" என்று தொடங்கி, என்னுடைய மனுவைச் சட்டப்படி பரிசீலித்து 12 வாரங்களுக்குள் தகுந்த உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள். வென்றுவிட்டோம் என்றார் என் வழக்கறிஞர். நானும் நம்பினேன். 79-வது நாள் ஒரு கடிதம் வந்தது. இரண்டே பத்தி. நிறுவனம் இசைவாணை (பட்டறை இயங்க மாசு கட்டுப்பாட்டு வாரியம் தரும் அனுமதி) நிபந்தனைகளுக்கு உட்பட்டு இயங்கி வருவதாகத் தெரிகிறதாம், தொடர்ந்து கண்காணிக்கப்படுமாம், ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறதாம்.

நான் கேட்பது இதுதான். நீதிமன்றம் சொன்னதைச் செய்யாமல் ஏமாற்றிய இந்தக் கடிதத்துக்காக அவமதிப்பு வழக்குப் போடலாமா? அல்லது முதல் படியில் இருந்து மறுபடியும் ஏற வேண்டுமா? வயது அறுபத்தாறு. படி அதிகமாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.


படிக்கட்டு எழுதியது:

ஐயா, நான் வழக்கறிஞர். உங்கள் வழக்குக் கட்டுகளைப் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன்: அவமதிப்பு நிற்காது. 12 வாரத்துக்குள் பரிசீலித்து உத்தரவு போடு என்றது நீதிமன்றம். 79-வது நாள் போட்டுவிட்டார்கள். 84 நாள் ஆகவில்லை. உத்தரவு உங்களுக்குச் சாதகமாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருந்தால்தான் அவமதிப்பு. மோசமாகக் கீழ்ப்படிந்தால் அதற்கு வேறு வழக்கு.

இன்னொரு கசப்பு. நீங்கள் கேட்டதைத்தான் நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. நீங்கள் உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனுவின் கடைசிப் பத்தியை எடுத்துப் பாருங்கள். "எனது இன்ன தேதியிட்ட மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க உத்தரவிட வேண்டும்" என்று இருக்கும். பந்தயமே கட்டுவேன். ஒரே நாளில் உத்தரவு கிடைக்கும், எதிர்த்தரப்பு அரசு வழக்கறிஞர்கூட ஆட்சேபிக்க மாட்டார். ஏன் ஆட்சேபிக்கப் போகிறார்? அவருடைய கட்சிக்காரருக்கு அதில் நஷ்டமே இல்லை.

"பரிசீலி" என்ற சொல்லுக்கு இரண்டு உயிர் உண்டு. 2006-ல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் எதிர் சீனிவாச ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துக் காட்டியது. நீதிமன்றமே பிரச்சினையை ஆராய்ந்து, இன்னின்ன அம்சங்களைக் கணக்கில் எடுத்துப் பரிசீலி என்று சொல்வது ஒரு வகை. எதையும் ஆராயாமல், வந்த மனுவைப் பரிசீலி என்று அனுப்பிவைப்பது இன்னொரு வகை. உங்களுக்குக் கிடைத்தது இரண்டாவது. அதில் அதிகாரிக்கு இருக்கும் ஒரே கடமை, ஏதாவது ஒரு பதிலைத் தேதிக்குள் எழுதுவது.

செயலுறுத்தும் நீதிப்பேராணை, நாங்கள் வாய்ப்பழக்கத்தில் மாண்டமஸ் என்போம், ஒரு அலுவலகத்தை அதன் சட்டக் கடமையைச் செய்ய வைக்கும். எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பதைச் சாதாரணமாக அது சொல்லாது. ஆகவே எதைக் கடமை என்று காட்டுகிறோம் என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு, கழிவுநீரையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஆய்வு செய்வதை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் பணிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 21-வது பிரிவு மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. 33ஏ பிரிவு மூடும் அதிகாரத்தையும் மின்சாரம், தண்ணீரைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரத்தையும் தருகிறது, ஆனால் அங்கே இருக்கும் சொல் "செய்யலாம்" என்பது. நேராக "பட்டறையை மூடச் சொல்லுங்கள்" என்று கேட்டால், அது எங்கள் விருப்புரிமை என்று வாரியம் சொல்லிவிடும். "பட்டறைக்கு முன்கூட்டித் தெரிவிக்காத ஒரு நேரத்தில், இரவும் உட்பட, ஆய்வு செய், 21-வது பிரிவுப்படி மாதிரி எடு, முடிவை எனக்கும் கொடு, அதன்மீது 33ஏ பிரிவில் நடவடிக்கை தேவையா இல்லையா என்று காரணம் எழுதி இத்தனை வாரத்துக்குள் முடிவெடு, செய்ததைப் பிரமாணப் பத்திரமாக நீதிமன்றத்தில் தாக்கல் செய்" என்று கேட்டால் ஒவ்வொரு துண்டும் அளந்து பார்க்கக்கூடிய செயல். அதில் ஒன்றைச் செய்யாவிட்டால் அப்போது அவமதிப்பு தானாக நிற்கும்.

ஆள் இல்லை, பணம் இல்லை என்ற பதில் வந்தால் அஞ்ச வேண்டாம். 1980-ல் ரத்லம் நகராட்சி வழக்கில், சாக்கடை கட்டப் பணம் இல்லை என்று நகராட்சி சொன்னதை நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவே இல்லை. சட்டம் சுமத்திய கடமைக்கு கஜானா காலி என்பது சமாதானம் ஆகாது.

இப்போது உங்களுக்கு என்ன வழி என்றால், அந்த இரண்டு பத்திக் கடிதமே புது வழக்குக்கான காரணம். அதை ரத்து செய், மேலே சொன்னவற்றைச் செய்யச் சொல் என்று இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு "செர்ஷியோரரிஃபைட் மாண்டமஸ்" என்று ஒரு பெயர் வழங்குகிறது. வெளிமாநில வழக்கறிஞர்கள் அந்தச் சொல்லைக் கேட்டால் விழிப்பார்கள். நமக்குப் பழகிவிட்டது.

ஒரு கேள்வி. அந்தக் கடிதத்தில் ஆய்வு நடந்த தேதி ஏதாவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா?


பழையகோப்பு எழுதியது:

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். சுற்றுச்சூழல் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எந்த மாநிலம், எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள்.

படிக்கட்டு கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அந்தக் கடிதம் எப்படிப் பிறந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். நீதிமன்ற உத்தரவு வந்ததும் கோப்பின் மேல் ஒரு சிவப்புச் சீட்டு ஒட்டப்படும், கெடு தேதி அதில் இருக்கும். கெடு 12 வாரம் என்றால் பதினோராவது வாரம்தான் கோப்பு அசையும். அதற்கு முன் அதைவிட அவசரமான சிவப்புச் சீட்டுகள் மேலே கிடக்கும். அப்போது பிரிவு எழுத்தர் பழைய ஆய்வு அறிக்கையை எடுத்து, அதில் இருந்து இரண்டு வரி எழுதி, கையெழுத்துக்கு வைப்பார். கெட்ட எண்ணமெல்லாம் பெரும்பாலும் இருக்காது. சீட்டைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். கடிதத்தில் புதிய ஆய்வுத் தேதி இல்லை என்றால் யாரும் உங்கள் ஓடைப் பக்கம் போகவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது மாதிரி. ஜன்னலில் நாற்பத்தேழு பாட்டில் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. 21-வது பிரிவு எப்படி வேலை செய்கிறது என்றால், வாரிய அதிகாரி பட்டறைக்காரருக்கு அங்கேயே ஒரு அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும், இரண்டுக்கும் முத்திரை வைத்து இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இப்படி எடுக்காத மாதிரியின் பகுப்பாய்வு முடிவு, வழக்கில் சாட்சியமாக ஏற்கப்படாது. இதனால்தான் விடியற்காலை மூன்று மணிக்கு எங்களில் ஒருவர் போனாலும், காவலாளி கதவைத் திறந்து மேலாளரை எழுப்பிக் கூட்டிவருவதற்குள் குழாய் நின்றுவிடும். நான் இரண்டு முறை அப்படி நின்றிருக்கிறேன். கையில் பாட்டில், எதிரே காய்ந்த குழாய், அதன் வாயில் மட்டும் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் துளியை எதில் பிடிப்பது?

ஆகவே கழிவுநீரை மட்டும் மாதிரி எடு என்று கேட்காதீர்கள். ஓடையின் படுகை மண், பட்டறைக்கு மேலும் கீழும் உள்ள கிணறுகள், பட்டறையின் தண்ணீர் மீட்டர், மின்சார மீட்டர், சுத்திகரிப்பு நிலையத்துக்கு வாங்கிய ரசாயனத்தின் ரசீதுகள், வெளியேறிய உப்புக்கும் கசடுக்கும் கணக்கு, இவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றப் பெரும்பாலும் உப்பு போட்டாக வேண்டும். உள்ளே போன உப்பு எங்காவது வெளியே வந்தாக வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் ஓடியிருந்தால் மின்சார மீட்டர் ஓடியிருக்கும். குழாயை மூடலாம், மின்கட்டண ரசீதை மூட முடியாது.

இன்னொன்று, உங்கள் வழக்கறிஞர் பார்த்தாரா தெரியாது. நீர்ச் சட்டத்தின் 25-வது பிரிவு, இசைவாணை நிபந்தனைகளை எழுதி வைக்கும் பதிவேடு ஒன்றை வாரியம் வைத்திருக்க வேண்டும், பாதிக்கப்படுகிறவர்கள் அதை நியாயமான எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்று சொல்கிறது. தகவல் உரிமைச் சட்டமெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட வரி. பணிக்காலத்தில் அதைக் கேட்டு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தகவல் உரிமையில் கேட்டாலும் நகல் மட்டும் கேட்காமல் "கோப்பை நேரில் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். கோப்பின் இடதுபக்கக் குறிப்புத் தாள்களில்தான் யார் எந்தத் தேதியில் என்ன எழுதினார்கள் என்பது இருக்கும். கடிதங்களில் அது இருக்காது.

மனதில் கிடக்கும் ஒரு முள்ளையும் சொல்லிவிடுகிறேன். அதே 25-வது பிரிவில், பட்டறைக்காரர் இசைவாணைக்கு விண்ணப்பித்து வாரியம் நான்கு மாதத்துக்குள் கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்றால், நிபந்தனை எதுவும் இன்றிக் கொடுத்ததாகவே கருதப்படும் என்று இருக்கிறது. எங்கள் தாமதத்துக்குச் சட்டம் ஒரு கடிகாரம் மாட்டியிருக்கிறது, அது விண்ணப்பக்காரர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. புகார் கொடுக்கிறவர் வீட்டுச் சுவரில் ஒன்றும் இல்லை. அதனால் எந்த அலுவலகத்திலும் இசைவாணைக் கோப்பு முதலில் ஓடும், புகார்க் கோப்பு பிறகு நடக்கும். நீங்கள் நீதிமன்றத்துக்குப் போவது அந்தக் கடிகாரத்தை வாங்கத்தான்.


செம்மண் எழுதியது:

இவ்வளவு சட்டம் எதற்கு? பத்திரிகையில் ஒரு படம் வந்தால் மறுநாளே ஓடி வருவார்கள்.


பழையகோப்பு எழுதியது:

வருவார்கள், ஒரு நாள் வருவார்கள். மறுவாரம் அந்த நிருபருக்கு வேறு ஓடை.


தொலைவானம் எழுதியது:

நான் வெளிநாட்டில் பூச்சிக்கொல்லித் துறையில் வேலை பார்க்கிறேன். ஐயாவின் கடிதத்தைப் படித்ததும் குளோர்பைரிஃபாஸ் கதை நினைவுக்கு வந்தது. நம் ஊர் விவசாயிகளுக்கும் அந்த மருந்தின் பெயர் தெரியும்.

2007-ல் இரண்டு அமைப்புகள் உணவுப் பயிர்களில் அதன் பயன்பாட்டை நிறுத்தச் சொல்லி அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மனு கொடுத்தன. பதில் வரவில்லை. 2015 ஆகஸ்டில் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் பொறுமை இழந்து, மாண்டமஸ் பிறப்பித்து, முடிவெடுக்கக் கெடு வைத்தது. முகமை தடைசெய்ய முன்மொழிந்தது. இறுதி முடிவுக்கு 2017 மார்ச் 31 கடைசி நாள் என்று நீதிமன்றம் குறித்தது. அதற்குள் ஆட்சி மாறியது. மார்ச் 29 அன்று, கெடுவுக்கு இரண்டு நாள் மிச்சம் வைத்து, மனுவை நிராகரித்துவிட்டார்கள்! அச்சு அசலாக உங்கள் 79-வது நாள் கடிதம். தேதியைக் காப்பாற்றினார்கள்.

மறுபடியும் வழக்கு. 2021 ஏப்ரலில் அதே நீதிமன்றம் இந்த முறை "முடிவெடு" என்று சொல்லவில்லை. இந்த அளவு பாதுகாப்பானது என்று நிரூபித்து, உணவில் மருந்து மிஞ்சலாம் என்ற அனுமதி அளவைத் திருத்து, இல்லாவிட்டால் அனுமதியையே ரத்து செய், 60 நாள் தருகிறேன் என்றது. இரண்டு கதவு, மூன்றாவது கிடையாது. அந்த ஆகஸ்டில் ரத்து வந்தது. மனு கொடுத்து பதினான்கு வருடம். அதோடு முடியவில்லை: 2023 நவம்பரில் எட்டாவது வட்டார நீதிமன்றம் அந்த ரத்தையே செல்லாது என்று தள்ளிவிட்டது.

தாமதம் எப்போது சட்டவிரோதம் ஆகிறது என்பதற்கு அங்கே 1984-ல் இருந்து ஆறு அளவுகோல்கள் வைத்திருக்கிறார்கள். மனித உடல்நலம் சம்பந்தப்பட்டால் தாமதத்தைக் குறைவாகத்தான் பொறுக்க முடியும் என்பது அதில் ஒன்று. அளவுகோல் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பதினான்கு வருடத்தை அது குறைக்கவில்லை.


படிக்கட்டு எழுதியது:

தொலைவானம் சொன்னதை எங்கள் பக்கத்தில் திருப்பூரில் பார்த்தோம். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் போட்ட வழக்கில், கழிவுநீர் துளியும் வெளியே வராத நிலையை எட்ட வேண்டும் என்று 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு 2007 ஜூலை வரை கெடு கொடுத்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து மேலும் மூன்று மாதம் கொடுத்தது. கெடு எல்லாம் வந்தது, போனது. 2011 ஜனவரி 28-ல்தான், அதுவும் விவசாயிகள் போட்ட அவமதிப்பு மனுவில், சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னது நீதிமன்றம். அங்கே அவமதிப்பு ஏன் நின்றது? முதல் உத்தரவில் அளந்து பார்க்க ஒரு பொருள் இருந்தது: வெளியேற்றம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை யாரும் இரண்டு பத்தியில் பரிசீலித்து முடிக்க முடியாது.

இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏமாற்றியவன் ஆவேன். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர்த் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் மனப்பாடம் செய்யவைக்கிறோம். மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. அந்தத் தோல் கழிவு கலந்த பாலாற்றுக்காகவே 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுதி, வழக்கை மூடிவிடாமல் தொடர்ந்து கண்காணிக்கும் மாண்டமஸைக் கையில் எடுத்தது. இடையில் இருபத்தெட்டு வருடம். ஆகவே வழக்கில் வேறு எது கிடைக்காவிட்டாலும், "வழக்கை முடிக்காமல் நிலுவையில் வைத்து, எட்டு வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை கேளுங்கள்" என்பதைக் கடைசிவரை கேளுங்கள். முடித்து வைக்கப்பட்ட வழக்கில் வாரியத்துக்கு யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை.

சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். தெற்கு அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய், நீங்களே நேரில் வாதாடலாம். விண்ணப்பிக்கக் கெடு, பொதுவான சுற்றுச்சூழல் தகராறுக்கு ஆறு மாதம், தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக 60 நாள். இழப்பீட்டுக்கும் மீட்புக்கும் ஐந்து வருடம். உங்களுக்கு முதல் வேட்டி ஊதாவாகி இரண்டு வருடம் ஆகிறது என்பதால் முதல் பாதை சந்தேகம், இரண்டாவது திறந்திருக்கிறது. அங்கே கூட்டுக்குழு போட்டு நேரில் பார்க்கச் சொல்வது வழக்கம். குழுவில் வாரியமும் இருக்கும், அது தெரிந்ததுதான், ஆனால் வேறு துறையினரும் கூட நிற்பார்கள். தீர்ப்பாயம் இருக்கிறது என்பதால் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் போய்விடவில்லை, 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாக்கிவிட்டது. கிணறும் தென்னையும் கெட்டதற்கு இழப்பீடு வேண்டும் என்றால் தீர்ப்பாயம். அந்த இரண்டு பத்திக் கடிதத்தை உடைக்க வேண்டும் என்றால் உயர் நீதிமன்றம். நானாக இருந்தால் கடிதத்தை முதலில் உடைப்பேன்.


வரப்போரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன்.

படிக்கட்டு பந்தயத்தில் ஜெயித்துவிட்டார். ரிட் மனுவின் கடைசிப் பத்தியில் "எனது மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்க" என்றுதான் இருக்கிறது, எழுத்து மாறாமல். நான்தான் கையெழுத்துப் போட்டேன். மாணவர்களிடம் கேள்வியைச் சரியாகப் படித்துவிட்டு எழுது என்று ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்.

கடிதத்தில் ஆய்வுத் தேதி இருக்கிறது. அது அந்த இளம் பொறியாளர் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்த நாள். அதாவது நான் வழக்கே போடுவதற்கு ஏழு மாதம் முந்தைய நாள். உத்தரவு வந்தபிறகு ஒருவரும் வரவில்லை என்பதை அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை படித்தும் இது என் கண்ணில் படவில்லை.


படிக்கட்டு எழுதியது:

அந்த ஒரு வரி போதும். நீதிமன்றம் பரிசீலி என்றபின் எதையும் புதிதாகப் பார்க்காமல், வழக்குக்கு முந்தைய பழைய ஆய்வையே பதிலாகக் கொடுத்திருக்கிறார்கள். மனதைச் செலுத்தாத உத்தரவு என்று ரத்து கேட்க இதைவிட நல்ல ஆதாரம் தேடினாலும் கிடைக்காது. அந்த ஆய்வில் மாதிரி எடுத்தார்களா, அறிவிப்புக் கொடுத்தார்களா என்பதைக் கோப்பைப் பார்த்துவிட்டு வாருங்கள். மனு அதற்குப் பிறகு. இந்த முறை கடைசிப் பத்தியை முதலில் எழுதச் சொல்லுங்கள், மீதி மனுவை அதற்கேற்ப எழுதலாம். அடுத்த உத்தரவு எப்போது மீறப்பட்டாலும் அந்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் அவமதிப்பு மனு போட்டாக வேண்டும் என்பதையும் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் நினைவூட்டல் கடிதம் எழுதி எழுதியே அந்த வருடத்தைத் தின்றுவிடுகிறார்கள்.


வரப்போரம் எழுதியது:

இன்று அலுவலகம் போய்ப் பதிவேட்டைக் கேட்டேன். அப்படி ஒன்று கிடையாது என்றார் முதல் மேசைக்காரர். 25-வது பிரிவை எழுதிக்கொண்டு போன தாளைக் காட்டினேன். இரண்டாவது மேசைக்காரர் உள்ளே போய் இருபது நிமிடம் கழித்துத் தூசி தட்டி எடுத்து வந்தார். அன்று வந்த அதே தம்பி நாற்காலி போட்டுக் கொடுத்தார். பட்டறைக்கு அனுமதித்த நாளொன்றின் தண்ணீர் அளவு, கழிவை வெளியேற்றக் கூடாது என்ற நிபந்தனை, இசைவாணை முடியும் தேதி, எல்லாவற்றையும் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன். இசைவாணை வரும் மார்ச்சில் முடிகிறது. கோப்பை நேரில் பார்க்கத் தகவல் உரிமை மனுவும் கொடுத்துவிட்டேன்.

பழையகோப்பு ஐயாவிடம் ஒரு சந்தேகம். ஜன்னலில் இருக்கும் பாட்டில்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாமா? இல்லை கொட்டிவிடலாமா? வீட்டில் திண்டு வேண்டுமாம்.


பழையகோப்பு எழுதியது:

மாதக்கணக்கில் வெயிலில் நின்ற தண்ணீர், ஆய்வகத்தில் எதற்கும் உதவாது. நிறமும் மாறியிருக்கும், மற்றதும் மாறியிருக்கும். ஆனால் கொட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் வரிசையாக வைத்து, பிளாஸ்திரியில் உள்ள தேதி தெரியும்படிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது பாட்டிலின் தேதியைத் தனியாகக் குறித்து, அந்த மாதம் பட்டறையின் மின்சார யூனிட் எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். கிணற்றில் இருந்து புதிதாக ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் ஆளே வந்து எடுக்கட்டும், நீங்கள் பிடித்துக் கொடுக்காதீர்கள்.

படம் எடுத்தபிறகு திண்டை அம்மாவிடம் ஒப்படைத்துவிடலாம். இசைவாணை மார்ச்சில் முடிகிறது என்றீர்களே, புதுப்பிக்கும் விண்ணப்பம் அதற்கு முன்பே வந்துவிடும். அது வந்த நாளில் இருந்து நான்கு மாதக் கடிகாரம் ஓடத் தொடங்கும். உங்கள் ஆட்சேபத்தை அதற்கு முன்பே பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள், ஒப்புகை அட்டையோடு.


வரப்போரம் எழுதியது:

நாளைக் காலைத் தபாலில் போகிறது.